அக்கா என்று கூப்பிட்ட கரடி

குட்டிக் கரடி பேச ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலை, பால் குடித்து முடித்த கையோடு. "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்றது. பாட்டிலைப் பிடித்திருந்த பத்து வயதுக்காரிக்கு ஆச்சரியமெல்லாம் வரவில்லை, யார் காதிலாவது விழுந்ததா என்று வாசலைத்தான் பார்த்தாள். தப்பு அவளுடையது.

அவளுடைய அம்மா, தாயை இழந்த காட்டு விலங்குக் குட்டிகளை வளர்த்து மறுபடி காட்டில் விடும் நிலையத்தில் மருத்துவர். அங்கே ஒரு சட்டம் மட்டும் படு கறார். குட்டியின் அருகே போகிறவர்கள் தலை முதல் கால் வரை கறுத்த முடி தைத்த அங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. மனுஷக் குரலுக்குப் பழகிய விலங்கு காட்டில் பிழைக்காது என்பதால் அதை ஆயுசுக்கும் கூண்டில் அடைத்துவிடுவார்கள். இந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்ததில் அம்மாவுக்கு வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது. சாப்பிட வா என்பதைக்கூடத் தோளைத் தட்டித்தான் சொல்வாள். கூடப்பிறந்தவர் யாருமில்லாத மகள், விடுமுறையில் பால் கொடுக்கப் போனபோது, அங்கிக்குள்ளிருந்து "பாப்பா, அக்கா வந்துட்டேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அப்புறம் தினமும் சொன்னாள். பள்ளிக்கூடக் கதை முழுக்கச் சொன்னாள். வேறு யாரிடம்தான் சொல்வாள், பாவம்.

விஷயம் தெரிந்ததும் அம்மா கத்தவில்லை. கரடி பேசுவது விநோதம் என்றும் அவளுக்குப் படவில்லை. அத்தனை நாள் காதில் விழுந்தால் யார்தான் பேசமாட்டார்கள்? "ஆறு மாசத்துல அதிகாரி சோதிக்க வருவார். ஒரு வார்த்தை பேசினாலும் கூண்டுதான். என்ன பண்ணப் போறே?" என்று கேட்டாள். அந்த வருஷத்தில் அவள் மகளிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"நானே மறக்க வைக்கிறேம்மா."

சொன்னபடி செய்தாள். கரடி அக்கா என்று கூப்பிட்டபோதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறினாள். கூப்பிடாத நேரங்களில் கூடவே கிடந்து கரையான் புற்றைத் தோண்டிக் காட்டினாள், மரமேறிக் காட்டினாள். நகங்கள் உடைந்தன, முழங்கை இரண்டும் தோலுரிந்தன. கரடியும் லேசுப்பட்டதில்லை. "அக்கா, கோவமா?" என்றது. "அக்கா, நான் என்ன பண்ணேன்?" என்றது. மழை பெய்த ஒரு மத்தியானம் "அக்கா, பயமா இருக்கு" என்றது. அன்றைக்கு அவள் அங்கியின் கையைப் பல்லால் கடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதாள், ஆனால் உள்ளே போகவில்லை. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசப் பேச இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சாயங்காலமானால் ஒரே பேச்சுச் சத்தம் என்று மாடிவீட்டுக்காரர்கள் புகார் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் கரடி பேச்சை நிறுத்தியது.

அதிகாரி வந்தார். பழத்தைக் காட்டினார், கொஞ்சினார், விசிலடித்தார். கரடி ஒரு உறுமல் உறுமிவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது. அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாளே, அவளும் அதிகாரியும் கூட வர, காட்டுக்குள் கொண்டுபோய்க் கூண்டைத் திறந்தார்கள். பத்தடி போன கரடி நின்று, திரும்பி, வாயைத் திறந்தது. அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கூப்பிட்டுவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது, ஒரே ஒரு தடவை கூப்பிடேன் என்றும் அடித்துக்கொண்டது. கரடி அதிகாரியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டு புதருக்குள் போனது. அது எதையும் மறக்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐந்து வருஷம் கழித்து அம்மாவும் அவளும் அதே காட்டுக்குக் கால்தடம் பார்த்துக் கரடிகளைக் கணக்கெடுக்கப் போனார்கள். புதரை விலக்கிக்கொண்டு இரண்டு குட்டிகள் எட்டிப் பார்த்தன.

"அம்மா, யாரு இவங்க?" என்றது ஒன்று.

"உங்க பெரியம்மா. சத்தம் போடாம உள்ளே வாங்க" என்று புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

பதினைந்து வயதில் பெரியம்மா ஆகிவிட்டவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அம்மா படிவத்தில் தாய் ஒன்று, குட்டி இரண்டு, மூன்றும் நல்ல ஆரோக்கியம் என்று எழுதினாள். பேசுமா என்று படிவத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை.