மஞ்சள் காரின் பத்துச் சுற்று

ஆஸ்திரேலியாவில் எங்கள் பல்லாரட் ஊர்க் கார் சங்கத்தில் யார் வேகம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். என் பெயர் மட்டும் ஒரு வாயிலும் வராது. பதினோரு வருஷமாக எல்லாருக்கும் முன்னால் கார் ஓட்டுகிறவன் நான்தான். ஆனால் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை.

உள்ளங்கை நீள ஸ்லாட் கார்கள், தடத்தின் பள்ளத்தில் மின்சாரத்தில் ஓடுகிற பொம்மைக் கார்கள். கையிலுள்ள விசையை அழுத்தினால் வேகம்; வளைவில் தளர்த்தாவிட்டால் தடத்தைவிட்டு வெளியே பறந்துவிடும். நாலு வீட்டு கராஜில் நாலு தடம். கார்த் வீட்டில் மரப்பலகை, நோலீன் வீட்டில் பிளாஸ்டிக். ஓரிடத்தில் ஆறு விநாடியில் சுற்றுகிற கார் இன்னோரிடத்தில் ஒன்பது எடுக்கும். எதை எதோடு ஒப்பிட? அதனால் பந்தயத்துக்கு முன் சங்கத்தின் மஞ்சள் காரை நான் பத்துச் சுற்று ஓட்டுவேன். அந்த நேரத்தை வைத்துத்தான் மற்றவர்களை அளப்பார்கள். கை பிசகாதவன் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். அளக்கிறவன் போட்டியிடக் கூடாது என்பது விதி. பார்த்துப் பார்த்துச் சீர்செய்த என் சிவப்புக் கார் பெட்டியிலேயே கிடக்கிறது. வயிறு எரியாதா?

போன ஞாயிறு கார்த் வீட்டில், குறிப்பேடும் கையுமாக நின்ற நோலீனிடம் கேட்டேவிட்டேன்.

"இந்த வருஷமாவது என்னை விட்டுடேன், நோலீன்."

"விட்டுட்டு யாரை வெக்கிறது? கார்த்தையா? ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெளிய பறப்பான்."

"ஏய், நான் இங்கதான் நிக்கிறேன்" என்றான் கார்த், வாய் நிறைய சாசேஜோடு.

"உன் கை ஒரு நாள் தப்பட்டும், ட்ரெவ். அன்னிக்கே விட்டுடறோம். சத்தியமா."

தப்ப வைக்கிறேன் பார் என்று விசையைக் கையில் எடுத்தேன். அந்தத் தடத்தில் என் நேரம் எப்போதும் சுற்றுக்கு ஒன்பதரை விநாடி. அன்று விட்டேன் பாருங்கள், பதினோரு வருஷக் கோபத்தையும் சேர்த்து! பத்துச் சுற்றும் எட்டு புள்ளி ஆறு. கிட்டத்தட்ட ஒரு விநாடி குறைவு! சந்தோஷத்தோடு எல்லாரையும் திரும்பிப் பார்த்தேன்.

கார்த் குனிந்து தடத்தைத் தடவினான். "ரெண்டு நாளா என்ன வெயில்! பலகை நல்லா காஞ்சிருக்கு."

"இருக்கும். தடம் இன்னிக்கு வேகம்" என்று நோலீன் எழுதிக்கொண்டாள்.

"தடமா? நான்தான் வேகமா ஓட்டினேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். "நீயா? போப்பா! பத்துச் சுத்தும் ஒரே நேரம். வேகமா ஓட்டறவன் அப்படியா ஓட்டுவான்?" என்றாள் நோலீன். "எதுக்கும் இன்னொரு பத்து ஓட்டிக் காட்டு."

அழுகையே வந்துவிட்டது. இந்த முறை வளைவில் காரைத் தூக்கி எறிந்தே தீர்வது என்று விசையை அழுத்திப் பிடித்தேன். வளைவு வந்தது. என் விரல் தானாகத் தளர்ந்தது.

"எட்டு புள்ளி ஆறு" என்று வாசித்தாள் நோலீன்.