வயசு போன எஞ்சினுக்கு ஏற்ற ஒயில்

மன்னார்த் தீவில், எங்கள் பள்ளிமுனையில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து சொல்ல இரண்டு பேர் வருவார்கள். அவனுடைய லொறி புகைத்தால் தெருவே திரண்டு வரும். கொஞ்சம் கியர் ஒயில் கலந்து விடு என்பான் ஒருவன். போட்டுக்கு ஊற்றுகிற ஒயிலையே ஊற்று, கடலுக்குத் தாங்குவது தரைக்குத் தாங்காதா என்பான் இன்னொருவன். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. "முதல் உங்கட எஞ்சினில ஊத்திப் பாத்துப்போட்டு வந்து சொல்லுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

என்னுடையது பழைய எல்ப் லொறி. கல்யாணம் கட்டிய வருஷம் வாங்கினேன். அப்போதே அது பழசுதான். சாதாரண நாட்களில் கரைக்கு ஐஸ் கொண்டுபோய், மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரும். ஆவணித் திருவிழாவுக்கு எங்கள் தெருவை அப்படியே மடு மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும். சட்டி பானை, பாய், படங்கு, பிள்ளைகள், பாட்டுப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். அந்த ஒரு கிழமை தெருவில் எனக்கு இருக்கிற மரியாதை வேறு.

இந்த வருஷம் அது நீலமாகப் புகைக்கத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பு தெரியாது. "றொட்னி அண்ணை டெங்கு நுளம்புக்குப் புகையடிக்கிறார், கதவைச் சாத்துங்கோ" என்று பெடியள் கத்துவார்கள். நானும் பதிலுக்குக் கத்துவேன். ஆனாலும் உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மனைவி றோஸ்மேரியின் தம்பி றெனால்ட் வந்தான். அவன் நண்டும் இறாலும் கொழும்புக்கு அனுப்புகிறவன். குளிர்ப்பெட்டி வான்கள் வைத்திருக்கிறான். வவுனியாவில் ஒருவர் பழைய எல்ப் தேடுகிறாராம். எஞ்சின் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பொடி, அதாவது வெளிக்கூடு, நல்லதென்றால் எடுப்பாராம்.

"வித்துப்போட்டு என்ர வானை ஓடுங்கோ அத்தான். மாசச் சம்பளம். கரைச்சல் இல்லை" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. மனதாரத்தான் சொன்னான். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. என் கல்யாணத்தில் மோதிரத் தட்டுப் பிடித்துக்கொண்டு நின்ற பொடியன் அவன். இனி விடிய எழும்பி அவன் வீட்டு வாசலில் நின்று சாவி வாங்கி, "தம்பி, இண்டைக்கு எங்க போறது?" என்று நான் கேட்க வேண்டும். லொறி போனால் போவது இரும்பு மட்டுமல்ல. நான் என் பாட்டுக்கு எழும்பி, என் பாட்டுக்குப் புறப்படுகிற மனிதனாக இருப்பதும் அதோடு போய்விடும்.

நான் றோஸ்மேரியைப் பார்த்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"விக்கிறதும் நல்லதுதான்" என்றாள், தலை நிமிராமல். "போன மாரிக்கு லொறி முருங்கனுக்கு அங்கால நிண்டுபோச்சு. நான் விடியும்வரை கண் மூடேல்லை."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஊரே ஆயிரம் சொல்லட்டும். இவளுமா?

"சனிக்கிழமை ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றான் றெனால்ட். போகும்போது தன் வானிலிருந்து ஒரு கேன் ஒயிலையும் இறக்கி வைத்தான். "அதுவரைக்கும் இதை ஊத்துங்கோ. நான் பாவிக்கிறது. நம்பர் வண் சாமான்."

கேனைப் பார்த்தால் சாராயப் போத்தலை விட அழகாக இருந்தது. நல்ல ஒயில் ஊற்றினால் புகை நின்றுவிடும், விற்கத் தேவையில்லை என்று எனக்கு ஒரு நப்பாசை. பழையதை இறக்கிவிட்டு அதை ஊற்றினேன். இரண்டே நாள். லொறிக்குக் கீழே வெள்ளை மணலில் கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டு. மெதுவாக ஓடவிட்டால் ஒயில் லைட் கண்ணடித்தது. புகை இன்னும் கூடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரயருக்கு ஓர் உதை விட்டேன். கால்தான் நொந்தது.

மன்னார் டவுனில் சனூன் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். என் வயதுக்காரன். வாய் கொஞ்சம் கூட. மிச்ச ஒயில் இருந்த கேனைக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன்.

"இது புது எஞ்சினுக்கு உள்ளது அண்ணன்" என்றான் சனூன். "தண்ணி மாதிரி. புது எஞ்சினில இடைவெளி நூல் கணக்கு, இது போய்ப் பூரும். உங்கட ஆளுக்குப் பல்லெல்லாம் விழுந்து போச்சு. இதைக் குடுத்தா வாயால வழியும்."

"அப்ப தடிச்சது ஒண்டு தா."

"பொறுங்க. புகை எப்ப வருது? ஸ்டார்ட் பண்ணேக்கையா, பாரம் இழுக்கேக்கையா?"

"எப்பவும்தான் வருது."

"அப்பிடிச் சொன்னா ஒயில் தர மாட்டன். ஏத்தம் ஏறேக்க புகைச்சா உள்ளுக்க றிங் போச்செண்டு அர்த்தம். அதுக்கு எந்த ஒயில் ஊத்தியும் சரிவராது, எஞ்சின் கழட்டத்தான் வேணும். ஸ்டார்ட்டில மட்டும் புகைச்சா வால்வ் சீல் கசியுது. அதுக்குத் தடிச்ச ஒயில் கை குடுக்கும்."

"மன்னாரில ஏத்தத்துக்கு நான் எங்க போறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். இந்தத் தீவில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பெரிய பாலம்.

பாரத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். சனூன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்தான். பாலத்தில் ஏறும்போது கடல் காற்று எதிரே அடித்தது. நான் மிதிக்கக்கூடிய மட்டும் மிதித்தேன். வாழ்க்கையில் அந்த ஏற்றம் அவ்வளவு நீளமாக இருந்ததே இல்லை. மறுகரையில் தள்ளாடி என்ற ஊர்ப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தினேன். சனூன் வந்து ஹெல்மெற்றைக் கழற்றினான்.

"அல்ஹம்துலில்லாஹ். பாரத்தில கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். நீலம் இல்லை. றிங் நல்லா இருக்கு" என்றான். அவனைக் கட்டிப் பிடித்திருப்பேன். வீதியில் ஆட்கள் நின்றதால் விட்டுவிட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் அவன் இருபது - ஐம்பது என்று எழுதிய கேன் ஒன்றை எடுத்து நீட்டினான். முதல் எண் குளிருக்கு, இரண்டாவது சூட்டுக்கு. மன்னாரில் குளிர் எங்கே? சூடுதான் நமக்குக் கணக்கு. ஐம்பது என்றால் கொதிக்கிற எஞ்சினிலும் நீர்த்துப் போகாது. இருந்தாலும் கேனைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் எஸ் எழுத்துத்தான் போட்டிருந்தது.

"இது பெற்றோல் வாகனத்துக்கு. டீசலுக்குச் சீ எழுத்து வேணும். டீசல் கரியைக் கழுவ இதால ஏலாது" என்றேன்.

சனூன் வாங்கிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தான். "ரெண்டும் ஒரே நிறக் கேன். பெரிய கம்பனிக்காரன், வேற நிறம் கிடைக்கேல்லையாம்" என்று யாரையோ திட்டிக்கொண்டே சரியானதை எடுத்துத் தந்தான். புது பில்ட்டரும் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் றெனால்டின் ஒயிலை இறக்கி, பில்ட்டர் மாற்றி, புதியதை ஊற்றினேன். பழைய எல்ப்பில் எஞ்சின் சீற்றுக்குக் கீழேதான். சீற்றைத் தூக்கியபடி, ஒயில் மூடியையும் போடாமல் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கையில் மண்ணெண்ணெய் பூசித் தேய்த்துக் கழுவினேன். வந்து இருட்டுக்குள் மூடியை இறுக்கிச் சீற்றைப் போட்டேன். காலையில் ஆட்கள் வரும்போது குளிர்ந்த எஞ்சினை அவர்கள் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

விடிந்ததும் வழக்கம்போல ஒயில் பார்க்கச் சீற்றைத் தூக்கினேன். ஒயில் ஊற்றுகிற வாயைச் சுற்றிச் செம்மண் ஒட்டியிருந்தது.

இந்தத் தீவில் எங்கே கிண்டினாலும் வெள்ளை மணல்தான். செம்மண் எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள். மடுவுக்குப் போகிற எவரும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுக்காமல் திரும்புவதில்லை. பாம்பு கடித்தால் பூசுவார்கள். அத்திவாரம் வெட்டினால் தூவுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் தடவுவார்கள். ஆனால் எஞ்சினுக்குள் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"றோஸ்!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள்.

"ஆர் இதுக்குள்ள மண் போட்டது?"

"நான்தான்" என்றாள். "ஒரு நுள்ளுத்தான். நேற்று நீங்கள் கை கழுவப் போகேக்க போட்டனான். மாதாட மண்தானே, கெடுதல் செய்யுமே?"

"மாதாட மண் எண்டாலும் எஞ்சினுக்கு மண் மண்தானடி! பெயரிங் எல்லாத்தையும் அராவிப்போடும். ஸ்டார்ட் பண்ணியிருந்தா இண்டையோட முடிஞ்சுது!"

அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, எனக்கெங்க தெரியும்?"

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதல்ல.

"நல்ல விலைக்குப் போகவேணும் எண்டு மாதாவுக்கு நேத்தி வைச்சியாக்கும்!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோப்பையைப் படியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கதவடியில் நின்று திரும்பி, "அந்த ஒயிலை ஊத்தைத் தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்திப்போடாதேங்கோ. மாதாட மண் அதுக்குள்ள இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த ஒயிலை, ஒரு அடி ஓடாமல், அத்தனையும் இறக்கினேன். சனூனுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அண்ணன், எங்கட வீட்டிலயும் ஓதின தண்ணிய ரேடியேட்டருக்க ஊத்தியிருக்கிறாங்க. தண்ணியெண்டபடியா தப்பினன்" என்றான். "ஸ்டார்ட் பண்ணாதீங்க. அந்த மெல்லிசு ஒயில் மிச்சம் கிடக்குதானே? அத மேலால ஊத்திக் கீழால விடுங்க, கழுவிக்கொண்டு வரும். நான் புதுசோட வாறன்."

சொன்னபடி செய்தேன். றெனால்டின் நம்பர் வண் சாமானுக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. மண் முழுதும் கீழே வந்து, துணியில் வடித்தபோது சுத்தமாக வருகிறவரை ஊற்றினேன். சனூன் வந்தான். புது பில்ட்டர், புது ஒயில், இரண்டு பேரும் கேனைத் திருப்பிச் சீ எழுத்தைப் பார்த்தோம். இறக்கிய ஒயிலை ஒரு வாளியில் எடுத்து வைத்தேன். வேலிக் கட்டைகளுக்குப் பூசினால் கறையான் வராது. சனூன் கடை திறக்கப் போய்விட்டான்.

கை துடைக்கக்கூட நேரமில்லை, றெனால்ட் வந்துவிட்டான். கூடவே வவுனியாக்காரர். அவர் பொடியைத் தட்டிப் பார்த்தார், குனிந்து சட்டத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ணுங்கோ பாப்பம்" என்றார்.

ஏறி இருந்தேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு தரம் முக்கிப் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு சின்ன நீலக் கொத்து எழும்பிக் கலைந்தது. அவ்வளவுதான். ஒயில் லைட் அணைந்தது. சத்தம் கனமாக, ஒழுங்காக வந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த ஒவ்வொரு சட்டையும் எனக்குத் தெரிந்தது.

றெனால்டுக்கும் ஆச்சரியம். ஆனால் பேச்சை விடவில்லை. "இப்ப நல்லாத்தான் இருக்கு அத்தான். நல்லா இருக்கேக்க குடுத்தாத்தான் நல்ல விலை. என்ன சொல்லுறியள்?"

மாட்டேன் என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் முருங்கனும், அவள் கண் மூடாத அந்த இரவும் நெஞ்சில் வந்து நின்றன. அவள் வேண்டாம் என்கிற லொறியை நான் எத்தனை நாளைக்குத்தான் ஓட்டுவது?

"லொறி விக்கிறதுக்கில்லை" என்று ஒரு குரல் கேட்டது. றோஸ்மேரி குசினி வாசலில் நின்றாள்.

றெனால்ட் திகைத்துப் போனான். "என்னக்கா இது? நீங்கள்தானே விக்கலாம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஓமடா, உனக்கு அப்பிடிச் சொன்னனான்" என்றாள் அவள். "மாதாவுக்கு வேற மாதிரியெல்லே சொன்னனான். இந்த மனுசன்ர லொறி இவரை விட்டுப் போகக்கூடாதெண்டு. இப்ப போய் அவவிட்டச் சொன்ன சொல்லை மாத்த ஏலுமே?"

வவுனியாக்காரர் சிரித்துவிட்டார். றெனால்ட் தலையைச் சொறிந்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டேன். கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை, புகைதான் இல்லையே.