மைக்கறை பட்ட ஆரஞ்சுப் பை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. அக்கா வீட்டுக்கு ஓசிக் காபி குடிக்கப் போன இடத்தில் கிடைத்தது.

முதல் தொடக்கம்: "கழிவிலிருந்து கலை பிறக்கும் அந்த மகத்தான..." (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: அக்கா தொழிற்சாலைக் கழிவுகளில் திரை நெய்கிறாள். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டை, பழைய சீட் பெல்ட், கிழிந்த வேலைச் சட்டை, எல்லாமே அவளுக்கு நூல்தான். கட்டில் சட்டம்தான் தறி. டிவி பார்த்தபடியே சட்டைகளை நாடாவாக வெட்டிக் கொடுப்பது அத்தான். அன்று ஆள் உயரத் திரை ஒன்று முடிந்திருந்தது. மறுநாள் காலை கண்காட்சிக்கு எடுத்துப் போக வண்டி வரும். அவளுடைய முதல் கண்காட்சி.

இது பரவாயில்லை.

2

அத்தானுக்கும் மறுநாள்தான் மேற்பார்வையாளராக முதல் நாள். அதற்கென்று கம்பெனி கொடுத்த ஆரஞ்சு மேல்சட்டை இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். மாலையில் அதைத் தேடினார். பீரோ, கொடி, கட்டிலடி. கடைசியில் திரையைப் பார்த்தார். நடுவில் பளபளவென்று ஆரஞ்சு நாடா ஓடியது. அதன் முனையில், போட்டுப் பார்த்த அன்றே பேனா கசிந்த சட்டைப்பை, மைக்கறையோடு.

புதுச் சட்டையைக் கழிவு மூட்டைமேல் வைத்தவரும் அவர்தான், மேட்ச் சுவாரசியத்தில் வெட்டித் தள்ளியவரும் அவர்தான்.

(இங்கே அக்கா விம்மி அழுததாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்கே அழுதேன்? வயிறு வலிக்கச் சிரிச்சேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.)

3

சிரிப்பு அடங்கியதும் அக்கா கத்தரியை எடுத்தாள். நாடாக்களை உருவி, ஒட்டுப்போட்டுத் திரும்பச் சட்டையாகத் தைத்துவிடுவாளாம். உருவினால் திரை குலைந்துவிடும், வண்டி காலியாகத் திரும்ப வேண்டியதுதான். அத்தான் குறுக்கே நின்றார்.

"கேட்ல நான் பேசிக்கிறேன். திட்டினா வாங்கிக்கிறேன். நீ அதுல கை வச்சே, நான் வேலைக்கே போகல."

"முதல் நாளே வாசல்ல நிக்கப் போறீங்களா? நகருங்க."

கல்யாணமான நாளிலிருந்து ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காத ஜோடி இது. இப்போது யார் விட்டுக்கொடுப்பது என்று மல்லுக்கு நின்றார்கள். குடிப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காபியும் ஆறிப்போனது.

4

முடிவு ஒன்று: அத்தான் திரையையே போர்த்திக்கொண்டு கேட்டுக்கு... (போதும்.)

முடிவு இரண்டு: அக்கா கண்கலங்கி... (என்னைக் கொன்றுவிடுவாள்.)

நீங்களே போய்ப் பாருங்கள். கண்காட்சி இந்த வாரம் முழுக்க உண்டு. சுவர் காலியாக இருந்தால் அக்கா ஜெயித்தாள். திரை தொங்கினால் அத்தான். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

போனால் ஓர் உதவி. அந்தப் பைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அத்தான் இன்னும் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.