அவசரம் கண்ணைத் திறக்கவில்லை

குடிநீர் நிலையத்தில் அவளை எல்லாரும் குளோரினம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக மருந்து கலக்கும் அறையில் வேலை. ஆற்றுத் தண்ணீர் தொட்டியில் தெளிந்து, மணலில் வடிந்து, கடைசியில் அவள் கைக்கு வரும். அவள் அளந்து விடும் குளோரினோடுதான் குழாய்களுக்குள் போகும். அளவுமானியைப் பார்க்காமல் மூக்கை வைத்தே அளவு சொல்லிவிடுவாள் என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அக்கா மகள் போன் செய்தாள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். அம்மாவுக்கும் சித்திக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியும் இருவரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவள். பரீட்சை, தோழிகள் என்று அளக்காமல் அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சித்தி, அவசரம் நாலு நாளா கண்ணையே திறக்கல. சாப்பிடவும் இல்ல. அம்மா ஒண்ணுமில்லங்கறாங்க, ஆனா குரலே சரியில்ல."

அவசரம் என்பது ஆமை. அக்கா வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு உண்டு. பெரியதன் பெயர் பெரியவர். உள்ளங்கை அகலம்கூட இல்லாத சின்னதற்கு அவசரம் என்று பெயர் வைத்தது இந்தப் பெண்தான்.

அந்த ஆமைகள் வந்த கதையில் குளோரினம்மாவுக்கும் பங்கு உண்டு. அக்காவின் கணவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனார். உறவெல்லாம் கூடி உட்கார்ந்து, ஏன் போனார் எதற்குப் போனார் என்று அலசிக்கொண்டிருந்த சமயத்தில், "நீ கொஞ்சம் வாயை அடக்கியிருந்தா அத்தான் போயிருக்க மாட்டார்" என்று தங்கை சொல்லிவிட்டாள். சபை நடுவே விழுந்த சொல். அக்கா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். ஒரு மாதம் கழித்து மகள் மூலமாகச் சேதி அனுப்பினாள்: "வாயை அடக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்னு உன் சித்திகிட்ட சொல்லு."

தொட்டித் தண்ணீரை அம்மா எப்படி மாற்றுகிறாள் என்று குளோரினம்மா போனில் விசாரித்தாள். எப்போதும் போலத்தான், குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து இரண்டு நாள் பால்கனியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுவாள் என்றாள் பெண்.



பன்னிரண்டு நாளுக்கு முன்புவரை அது சரியான வழிதான். வெறும் குளோரின் என்றால் திறந்து வைத்த வாளியிலிருந்து தானே பறந்துவிடும். ஆனால் ஊரின் கடைக்கோடி வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் குளோரின் செத்துவிடுகிறது என்று, அதோடு அம்மோனியாவையும் சேர்க்க மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் லேசில் பிரியாது. வாளியை ஒரு வாரம் திறந்து வைத்தாலும் முழுசாகப் போகாது. மனிதர் குடிக்கலாம், கெடுதல் இல்லை. இரவும் பகலும் அதிலேயே கிடக்கும் ஜீவனுக்கு அது கண்ணையும் தோலையும் அரிக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இடங்களுக்கெல்லாம் அவளே போன் போட்டுச் சொல்லியிருந்தாள். மீன், ஆமை வளர்ப்பவர்களுக்கான எச்சரிக்கை அறிவிப்புத் தாளின் கடைசி வரியில், எறும்பு எழுத்தில் இருந்தது. அந்தத் தாளை அவள்தான் பலகையில் ஒட்டினாள். புது வால்வைத் திறந்ததும் அவள் கைதான். அக்காவின் நினைப்பு அப்போது ஒரு நொடிகூட வரவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். "தண்ணீரை மாற்றாதே, நான் வருகிறேன்" என்று செய்தி அனுப்பினாள். அதைப் பார்த்த அடையாளமே இல்லை. அறையை விட்டு நகர முடியாது. இரண்டு மணிக்குத்தான் அடுத்த ஆள் வருவார். அதுவரை அரைமணிக்கொரு தரம் அளவை நோட்டில் குறித்தாள். ஒருமுறை தப்பாக எழுதி அடித்துத் திருத்தினாள். பதினாறு வருடத்தில் அந்த நோட்டில் அவள் போட்ட முதல் அடித்தல் அது.

வேலை முடிந்ததும் மீன் கடைக்கு ஓடினாள். அலங்கார மீன் விற்கும் கடைக்காரர் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து மூன்று வகை எடுத்து வைத்து, எல்லாம் ஒன்றுதான் என்றார். ஒன்றில்லை என்பது அவளுக்குத் தெரியும். சில மருந்து குளோரினை முறித்துவிட்டு அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். அப்புறம் பேயை விரட்டிப் பிசாசை அழைத்த கதைதான். இரண்டையும் கட்டும் மருந்தை, புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துத் தேடி எடுத்தாள்.

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. முகத்திலேயே கதவைச் சாத்திவிட்டால் புட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் மணியை அழுத்தினாள்.

அக்கா கதவைத் திறந்தாள். கை ஈரமாக இருந்தது. பின்னால் தண்ணீர் வாளி ஒன்று தொட்டிப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"அதை ஊத்தாதேக்கா. அந்தத் தண்ணிதான் கெடுக்குது."

"ரெண்டு நாள் வச்ச தண்ணி."

குளோரினம்மா விளக்கம் சொல்லவில்லை. நிலையத்திலிருந்து கொண்டுவந்த சோதனைக் குழாயில் வாளித் தண்ணீரை மொண்டு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் பளிச்சென்று ரோஜா நிறமானது. இரண்டு நாள் வெயிலில் வைத்தும் மருந்து அப்படியே இருந்தது. பிறகு வாளியில் கணக்காகச் சொட்டு விட்டுக் கலக்கி, சற்று நேரம் பொறுத்து இன்னொரு குழாயில் மொண்டு மாத்திரை போட்டாள். இந்த முறை நிறமே ஏறவில்லை.

அக்கா இரண்டு குழாய்களையும் பார்த்தாள். "இதை யார் கலந்தது?" என்றாள்.

"நான்தான். பன்னிரண்டு நாளா." தங்கை குழாய்களைக் கீழே வைத்தாள். "உனக்குச் சொல்லியிருக்கணும். தோணல."

அக்கா அவசரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இரு கண்ணும் பட்டாணி போல வீங்கி ஒட்டிக் கிடந்தன. கால்கள் மட்டும் மெல்லக் காற்றைத் துழாவின. தங்கை தொட்டியைக் காலி செய்தாள். பழைய தண்ணீரின் சூட்டுக்குப் புதுத் தண்ணீரைக் கொண்டுவர, அக்கா வாளித் தண்ணீரிலேயே கொஞ்சம் சுட வைத்துக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இருவரும் மாறி மாறிக் கைவிட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் இருவரும் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். குளோரினம்மா குற்றவாளி போலத் தானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டாக்டர் கேட்டுவிட்டு, சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டார். காய்ந்த இறால், அதைத்தான் ஆசையாகத் தின்னும் என்றாள் அக்கா. கீரையோ வேறு தீனியோ இல்லையா என்று கேட்டார். இல்லை.

"வெறும் இறால்ல சத்து போதாது. அதுலயும் கண் இப்படி வீங்கும். தண்ணியாவும் இருக்கலாம், தீனியாவும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதுதான்னு என்னால சொல்ல முடியாது."

கண்ணுக்கு மருந்தும் ஒரு ஊசியும் போட்டு, ஒரு வாரம் பாருங்கள், பிழைப்பதும் பிழைக்காததும் அது சாப்பிடுவதில்தான் இருக்கிறது என்று அனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழி தன்மேல் முழுசாக விழுந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தங்கைக்கு.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்னது தப்புக்கா" என்றாள்.

"தப்புதான்." அக்கா பெட்டியின் ஓட்டையில் எட்டிப் பார்த்தாள். "அவர் ஏன் போனாருன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பஸ் வந்தது. அக்கா ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள்.

அடுத்த நாள் குளோரினம்மா பொறியாளரிடம் போய், அறிவிப்புத் தாளின் அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் தனித் தாளாக அடித்து மீன் கடைகளிலும் ஒட்ட வேண்டும் என்றாள். அவர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் இல்லை, இன்றைக்கே என்று நின்றாள். மத்தியானம் தாள் வந்தது. வேலை முடிந்ததும் கடை கடையாக ஏறி அவளே ஒட்டினாள். எத்தனை வீட்டுத் தொட்டிகளில் என்னென்ன கண்ணை மூடிக் கிடக்கிறதோ என்ற நினைப்பு மட்டும் விடவில்லை. தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அவசரம் கீரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் ஒரு கண் நூல் அளவு பிளந்தது, மறுநாள் மூடிக்கொண்டது. எடை பார்த்தால் குறைந்துகொண்டே வந்தது.

எட்டாம் நாள் காலை, மோட்டார்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயர்.

"சாப்பிட்டுச்சுடி" என்றாள் அக்கா. "ஒரு துண்டு கீரை. ரெண்டு கண்ணையும் திறந்து, பார்த்து, கவ்விச்சு."

முதல் தடவையே தெளிவாகக் கேட்டுவிட்டது. ஆனாலும் குளோரினம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லு என்றாள். அக்கா இன்னொரு தரம் சொன்னாள்.