ஏழு இயந்திரப் பாடம்

மருத்துவமனையின் சலவை அறையில் ஏழு இயந்திரங்கள். காலை ஆறு மணிக்கே ஆவி கிளம்பிவிடும். பத்து மணிக்குப் பக்கத்து ஆள் பாதிதான் தெரிவார். குரல் மட்டும் முழுசாக வரும். அந்த ஆவிக்குள் நின்று அவள் போனில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் கிருமிநீக்கப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு தேர்வு. திரையில் நீளமாக ஒரு பாடம் வரும்; படித்துப் புரிந்து பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இரண்டாவதுதான் கடைசி. அதுவும் போனால் ஆயுசுக்கும் ரத்தம் தோய்ந்த விரிப்புகளோடுதான் குடித்தனம்.

படிக்காமல் இல்லை. கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். வரி மேலே ஏறும், மறைந்துவிடும், அடுத்தது வரும். ஒவ்வொரு வரியும் புரியும், பாடம் மட்டும் புரியாது. நுரைத்தண்ணீர் வடிகாலில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். பத்து நிமிஷத்தில் கண் சொருகிவிடும்.

"என்ன டாக்டரம்மா, நின்னுக்கிட்டே தூக்கமா?" என்றாள் இஸ்திரி போடும் அக்கா.

"படிக்கிறேன்க்கா."

"வாயத் தொறந்துக்கிட்டா?"

அன்று போனில் சார்ஜ் தீரப்போனது. அணைவதற்குள் எழுதிவைக்கலாம் என்று பார்த்தால் காகிதம் இல்லை. துணி மூட்டையில் எண் போடும் சாக்பீஸ்தான் கிடந்தது. இயந்திரக் கதவுகளுக்குக் கீழே சாம்பல் நிறத் தகடு இருக்கும். அதில் எழுத ஆரம்பித்தாள். ஓர் இயந்திரத்துக்கு ஒரு பத்தி.

தள்ளுவண்டியோடு போகும்போதும் வரும்போதும் அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். மூன்றாவது நடையில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏன்டி, ரெண்டாவது மிஷின்ல சூடு வெச்சா கிருமி சாகும்னு எழுதியிருக்க. ஆறாவதுல சூடு வெச்சா கறை இறுகி, கிருமி அதுக்குள்ள பதுங்கிக்கும்ங்குற. எது நெசம்?"

அவள் நாற்பது தடவை படித்த பாடம். அதற்குள் இப்படி ஒரு சண்டை நடப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆறாவதிலிருந்து இரண்டாவதுக்கு நடந்தாள். திரும்பி வரும் வழியில் நான்காவதில் நின்று அந்தப் பத்தியை மறுபடி படித்தாள்.

"ரெண்டும் நெசம்தான்க்கா. மொதல்ல பச்சத்தண்ணி, கறை போனப்புறம் சூடு."

"அதத்தானே தெனமும் செய்யிறோம். இதுக்கா இவ்வளவு எழுத்து?" என்று அக்கா வண்டியைத் தள்ளினாள்.

அவள் அங்கேயே நின்றாள். இயந்திரங்கள் சுழன்றன, தரை மெல்ல அதிர்ந்தது. ஆவிக்குள் பத்திகள், பழகிய ஆட்களைப் போல, ஆளுக்கோர் இடத்தில் நின்றன. எந்த வரியையும் துரத்த வேண்டியிருக்கவில்லை.

தேர்வுக் கூடத்தில் ஆவியும் இல்லை, சத்தமும் இல்லை. திரையில் வந்தது அவள் பார்த்தே இராத பாடம். வழக்கம்போல வரிகள் மேலே நழுவத் தொடங்கின. அவள் முதல் பத்தியைக் கொண்டுபோய் முதல் இயந்திரத்தில் நிறுத்தினாள். இரண்டாவதை இரண்டாவதில். அறை மங்கலாகி ஈரத்துணி வாசம் வந்தது.

"கால ஆட்டாதீங்கம்மா, மேசை ஆடுது," என்றார் கண்காணிப்பாளர்.

"ஆட்டல சார், நடக்குறேன்."

அவர் மேசைக்கடியில் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கடைசிக் கேள்விக்கு முதல் விடைதான் சரியென்று பட்டது. அழுத்தப் போன விரல் நின்றது. ஐந்தாவது இயந்திரத்தில் ஏதோ இருந்ததே? பாடத்தைப் பின்னால் இழுத்தாள். அந்தப் பத்தியின் நடுவில் சின்னதாக ஓர் 'ஆனால்' உட்கார்ந்திருந்தது. விடையை மாற்றி அழுத்தினாள்.

பாடம் மறைந்தது. பச்சை நிறத்தில் 'தேர்ச்சி' என்று வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"சார், அந்தப் பாடத்த இன்னொரு தடவ படிக்கலாமா?"

"அதான் பாஸாயிட்டீங்களே. இனிமே எதுக்கு?"

"கடைசிப் பத்தியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் சார்."