மொட்டைக்கு முன்னால் எடுத்த அளவு

கதிர்வீச்சு அறையின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு டெக்னீஷியன் சுசித்ரா மேடம் வெளியே வந்தார். கையில் சுகுணாவின் முகமூடி இருந்தது. என் மனைவியின் மூக்கும் தாடையும் அப்படியே பதிந்த வெள்ளை பிளாஸ்டிக் வலை அது. போன வியாழக்கிழமைதான் வெந்நீரில் போட்டு இளக்கி, அவள் முகத்தின் மேல் இழுத்துப் பொருத்தி, ஆறவிட்டு எடுத்தார்கள். அதை மாட்டி மேசையோடு பூட்டிவிட்டால் தலை அசையாது. தலை அசையாவிட்டால் கதிர் குறி தப்பாது. உள்ளே போனவள் படுத்திருக்க, முகமூடி மட்டும் வெளியே வருகிறதென்றால் என்னவோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"சார், வியாழக்கிழமை இவங்களுக்கு முடி இருந்துச்சு."

"இருந்துச்சு மேடம்."

"இவத்து இல்லே." மேடத்துக்குத் தமிழோடு கன்னடமும் கலந்து வரும். இவத்து என்றால் இன்றைக்கு.

"இல்ல மேடம்."

"ஏனு சார் இது? மாஸ்க் போட்டா பின்னாடி ரெண்டு விரல் உள்ள போவுது. எப்பிடி ட்ரீட்மெண்ட் குடுக்கறது?"

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சுகுணாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் அறுவை, மருந்து எல்லாம் முடிந்து அடங்கிவிட்டது என்றுதான் இருந்தோம். இந்த வருஷம் வலது கையிலிருந்து பாத்திரங்கள் நழுவ ஆரம்பித்தன. படம் எடுத்ததில் மூளையில் மூன்று இடத்தில் பரவியிருந்தது. மூன்றுதான் என்பதால் அந்த மூன்றை மட்டும் பல பக்கத்திலிருந்தும் குறிவைத்து ஒரே நாளில் சுட்டுவிடலாம், மற்ற மூளைக்குப் பெரிய பாதிப்பு இருக்காது என்றார் டாக்டர். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் தலை முழுக்கக் கதிர் கொடுக்க வேண்டிவரலாம். அதில் ஞாபகம் மங்கலாம் என்றும் சொன்னார். சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து என் அம்மாவின் திதி வரைக்கும் எங்கள் வீட்டின் ஞாபகம் முழுவதும் சுகுணாதான். ஆகவே மூன்று என்ற அந்த எண்ணைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கம்பெனியில் ஆடிட். கெலமங்கலத்திலிருந்து சுகுணாவின் அக்கா சரோஜம்மாள் வீட்டுக்கு வந்து, வேண்டுதல் இருக்கிறது, திருப்பதிக்குக் கூட்டிப்போகிறேன் என்று எனக்குப் போன் போட்டு ஒற்றைக்காலில் நின்றார். "மூணு கத்தரி மட்டுந்தான் தம்பி. பொம்பளைங்களுக்கு அதான் வழக்கம். நுனியில மூணு வெட்டு, அவ்ளோதான்" என்றார். இரைச்சலுக்கு நடுவே சரி என்றேன். திங்கட்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், முழு மொட்டையும் அதன் மேல் சந்தனமுமாக இறங்குகிறாள். பஸ்ஸுக்குத் திட்டினேன், கூட்டத்துக்குத் திட்டினேன், க்யூவில் நின்றதற்குத் திட்டினேன். முகமூடி மட்டும் நினைவுக்கு வரவில்லை. சிப்காட்டில் பதினெட்டு வருஷமாக, அசையாமல் பிடித்து அளவு பார்க்கும் ஃபிக்ஸ்சரில் சரியாக உட்காராத பீஸைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை.

"பின்னால பஞ்சு கிஞ்சு வெச்சு டைட் பண்ணிக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

சுசித்ரா மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன வேலை சார்?"

"குவாலிட்டி."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. புது மாஸ்க், புது ஸ்கேன், எம்.ஆர்.ஐ.யும் பழசாகிவிட்டது, அதையும் திரும்ப எடுத்துவிடலாம், சிகிச்சை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார். "படத்துல அதே மூணு இருந்தா ப்ளான் மாத்தி குடுத்துடலாம்" என்றார். இல்லாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

வரவேற்பறையில் சரோஜம்மாள் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு லட்டு பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்குக் குடுத்ததுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க? அளவுதானே தம்பி, இன்னொருக்கா எடுத்துக்கட்டும்."

"அக்கா, இது ஜாக்கெட் அளவு இல்ல."

"அதுக்கு ஏன் எங்கிட்ட எகிர்றீங்க? மொட்ட அடிக்கக் கூடாதுன்னு உங்க டாக்டருங்க ஒருத்தராச்சும் சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். நகை போடாதே, பவுடர் பூசாதே, வெறும் வயிற்றோடு வா என்று எல்லாம் சொன்னார்கள். வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒருத்தி திருப்பதிக்குப் போய் வருவாள் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் சுகுணா வெளியே வந்ததும் அவள் மேல் கொட்டினேன்.

"மூணு கத்தரின்னுதானே பேச்சு?"

"அக்காவத் திட்டாதீங்க. கத்தரி எடுத்தவங்ககிட்ட நாந்தான் மொத்தமா எடுத்துருன்னேன்."

"என்னாத்துக்கு?"

"எப்பிடியும் கொட்டிரும்."

"இதுல அப்பிடிக் கொட்டாதுடி! எத்தன தடவ சொல்லியிருக்கேன். டாக்டரும் உன் எதிருலதான சொன்னாரு."

"போன தடவையும் கொஞ்சந்தான் கொட்டும்னீங்க." அவள் இடது கையால் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "தலகாணியில, சோத்துல, குளிக்கற எடத்துல, எல்லா எடத்துலயும் நாந்தான் பொறுக்குனேன். அதான், இந்த தடவ நானே குடுத்துட்டேன்."

அப்போதும் கோபம் போகவில்லை. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அது இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா? டாக்டர் சொன்னதயே திரும்பச் சொல்லியிருப்பீங்க."

புது மாஸ்க் எடுத்து முடிந்தபோது அவள் நெற்றியிலிருந்து பின்மண்டை வரைக்கும் சின்னச் சின்ன வட்டங்களாக வலை பதிந்திருந்தது. அப்படியே எம்.ஆர்.ஐ. பக்கம் அனுப்பினார்கள். அங்கே வாசலில் இருந்த ஊழியர் கையிலிருந்த பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒப்பித்தார்.

"தாலி, தோடு, மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழட்டிடுங்கம்மா. தலையில கிளிப்பு, ஹேர்பின்னு இருந்தா அதையும் எடுத்துடுங்க. கொண்டய அவுத்துடுங்க."

சுகுணா அவருக்கு முன்னால் தலையைக் குனித்துக் காட்டினாள். அவர் நிமிர்ந்தார். பேப்பரைப் பார்த்தார், மறுபடியும் தலையைப் பார்த்தார். "சாரிம்மா" என்று அவர் முனகியதில் அவளுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. நகைகளை என் கையில் திணித்தபோதும் சிரிப்பு, மேசையில் ஏறிப் படுத்தபோதும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மூன்று, மூன்று, மூன்றாகவே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவை மூடினார்கள். முழுதாக மூடுவதற்குள் உள்ளேயிருந்து அந்த ஊழியரின் அலுத்துப்போன குரல் கேட்டது.

"சிரிக்காதீங்கம்மா. தல ஆடுது."