இடப்பக்கம் திருப்பு

இருபது வருடமாகத் தையல் மெஷின் பழுது பார்ப்பவன் நான். தளர்ந்த திருகைக் கண்டால் என் கை சும்மா இராது. அந்தக் கைதான் என் மனைவியின் காலுக்கு உலை வைக்கப் பார்த்தது.

சின்ன வயதில் முறிந்த அவளுடைய இடது கால் நாலு சென்டிமீட்டர் குட்டை. ஒரு பக்கம் கட்டை வைத்த செருப்பை உதறிவிட்டு நடக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எலும்பை அறுத்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்களும் கம்பிகளும் பூட்டினார்கள். அறுத்த இடத்தைத் தினம் ஒரு மில்லிமீட்டர் விலக்கினால் அந்த இடைவெளியில் புது எலும்பு வளருமாம். ஆஸ்பத்திரியிலேயே பத்து மில்லிமீட்டர் ஆகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் என்னிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு நாலு தடவை, இந்தத் திருகை அம்புக்குறி காட்டுற பக்கம் கால்வாசி சுற்று திருப்பணும். மறந்துடாதீங்க."

"எனக்கேவா?" என்று சிரித்தேன்.

வீட்டில் பார்த்தால் அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடாதா? பெண்டாட்டியின் காலைத் தாங்கும் திருகை எவனாவது தளர்த்துவானா? குறி போட்டவன் தூக்கக் கலக்கத்தில் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டி, வலப்பக்கம் முறுக்கினேன். மூன்று நாளில் அவளுக்கு வலி குறைந்துவிட்டது. "உங்களுக்குக் கைராசிங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் எக்ஸ்ரே பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "பத்து இருந்தது ஏழாயிடுச்சே! எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

சொன்னேன்.

"இது இறுக்குற திருகு இல்ல சார், தள்ளுற திருகு. எலும்பு ஒட்டிக்கிட்டா மறுபடியும் ஆபரேஷன்தான். இன்னைக்கே சரியா ஆரம்பிங்க, ஒரு வாரத்துல தெரிஞ்சிடும்."

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை அவள் மடியில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. "தினம் நர்ஸை வரச் சொல்றேன். நான் தொடமாட்டேன்."

அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். திட்டி ஓய்ந்தபின் ஸ்பேனரை என் கையிலேயே திணித்தாள். "மத்தவங்க கை இனிமேதான் தப்பு பண்ணணும். உங்க கை பண்ணி முடிச்சிடுச்சு. திருப்புங்க."

இடப்பக்கம் திருப்பினேன். வலி திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அம்புக்குறியை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அவளோ என் தோளைப் பிடித்துக்கொண்டு என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள்.

அடுத்த வாரம் டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி அளந்தார். "பதினாலு! புது எலும்பு லேசாத் தெரியுது, பாருங்க."

நான் எங்கே பார்த்தேன்? அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.

அவள் ஊன்றுகோலால் என் காலைத் தட்டினாள். "மில்லிமீட்டருக்கு ஒரு அழுகைன்னு வெச்சா, இன்னும் இருபத்தாறு பாக்கி. எந்திரிங்க, மத்தியானத்துக்குத் திருப்பணும்."